பெயர் சொல்லாத கம்பெனி

வீட்டில் அவளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதைத் தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் விட்டுப் போகவில்லை. வைத்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா போல அவரோடு சேர்ந்து வீடு முழுக்கத் தேடியவள் அவள். "இந்த வாண்டு முகத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது" என்று அன்றைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த முகம்தான் பிற்பாடு அவளுக்குச் சோறு போட்டது. கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் அவள் சீனியர். இன்ன வேலைக்கு இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று கம்பெனி சொல்லும். அவள் வலை வீசி, சலித்து, பேசிப் பதப்படுத்தி, ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவாள். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் அவர்கள் ஆபீஸ். கீழே பல்லைத் துளைக்கும் சத்தம் கேட்கக் கேட்க, மேலே கண்ணாடி அறையில் வேலை தேடி வந்தவர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "பயப்படாதீங்க, நாங்க எதையும் பிடுங்க மாட்டோம்" என்று அவள் சொன்னதும் இறுக்கம் தளர்ந்து பேச ஆரம்பிப்பார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எந்தக் கம்பெனி மேடம்?"

"நல்ல கம்பெனி. முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க."

பெயரைச் சொன்னால் மறுநாளே அந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார்கள். சித்தப்பா சிபாரிசு, சம்பந்தி சிபாரிசு என்று கிளம்புவார்கள். கன்சல்டன்சி பட்ட பாடு தண்ணீரில் போகும். போட்டிக் கம்பெனிக்காரன் காதில் விழுந்தாலோ, இவர்கள் புதிதாக என்ன தொடங்கப் போகிறார்கள் என்று மோப்பம் பிடித்துவிடுவான். ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழும்.

"சில சமயம் அந்த நாற்காலி காலியா இருக்காது. ஆள் உக்காந்துட்டுதான் இருப்பாரு. அவருக்குத் தெரியாது."

பிள்ளைகள் ஐயோ என்பார்கள்.

"என்ன ஐயோ? அனுப்பறது கம்பெனி, நாம இல்ல. நாம வாயை மூடிட்டு இருக்கணும், அவ்வளவுதான்."

அப்படிப்பட்ட நாற்காலிகளுக்கும் அவள் ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாத வரை அவளுக்கு அது உறுத்தவுமில்லை.

ஒரு திங்கட்கிழமை டைரக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தோரணையிலேயே பெரிய மீன் மாட்டியிருப்பது தெரிந்தது.

"அட்டைப்பெட்டி ஃபேக்டரி ஒண்ணு. மேனேஜரை மாத்தணுமாம். சின்ன முதலாளியே நேர்ல பேசினாரு. இது நல்லபடியா முடிஞ்சா அவங்க குடும்பத்துக் கம்பெனி எல்லாத்துக்கும் இனிமே நாமதான் ஆள் கொடுப்போம். ஆனா ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது" என்றார். பிறகு ஃபேக்டரியின் பெயரைச் சொன்னார்.

அத்தான் வேலை பார்க்கும் ஃபேக்டரி அது. மேனேஜரும் அவரேதான்.

"இப்ப இருக்கிறவருக்கு என்ன சார் குறை?"

"பெரிய முதலாளி காலத்து ஆளாம். ஷிப்ட்ல இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் அவரு பேச்சைத்தான் கேக்கறானாம். சின்ன முதலாளி ஒண்ணு சொன்னா, 'மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன் சார்'னு போறானாம். எந்த முதலாளிக்குப் பிடிக்கும், சொல்லுங்க? ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தெரிஞ்சவர்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சமயத்தில் ஊரின் மறுபக்கம் கன்சல்டன்சிக்குப் புதுக் கிளை ஒன்று திறக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைமையாக அவளைப் போடுவதாக டைரக்டர் சாடைமாடையாகச் சொல்லியிருந்தார். சொந்தக்காரர் என்று தெரிந்தால் இந்த வேலை அடுத்த மேஜைக்குப் போகும், கிளையும் அதன் பின்னாலேயே போகும் என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடி முடிந்தது. எப்படியும் யாரோ ஒருவர் செய்யப்போகிறார், நம் கையில் இருந்தால் இழுத்தடிக்கவாவது செய்யலாமே என்று அதற்கு ஒரு நல்ல சட்டையையும் மாட்டிவிட்டாள்.

"இல்ல சார். சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

விளம்பரத்தை அவளே எழுதினாள். இடத்தைக் குறிக்காமல், ஏற்றுமதியைப் பற்றி ஒரு வரி சேர்த்து, 'வளர்ந்துவரும் பேக்கேஜிங் நிறுவனம்' என்று பூசி மெழுகி, யாரும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தாள். அது அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று எழுத உட்கார்ந்தபோது, காகிதத் தரம், கோந்து, அட்டைக்கு நெளிவு போடும் மெஷின், மூன்று ஷிப்ட் ஆட்களைக் கட்டி மேய்ப்பது என்று அத்தான் சாப்பாட்டு மேஜையில் இத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் தானாக வந்து விழுந்தது. எழுதி முடித்துப் படித்தபோது அதில் அவருடைய முகம்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு அத்தான் போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாண்டு, இது உங்க ஆபீஸ் போட்டதுதானே? எனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. யாரு இவங்க?"

அவள் முகம் மாறவில்லை. "அதெல்லாம் சொல்லக்கூடாது அத்தான்."

"என்கிட்டக் கூடவா?"

"ஆமா. என் மேஜையில உக்காந்தா அத்தானும் கேண்டிடேட்தான்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "அப்படிப் போடு! சரி, நானே கண்டுபிடிக்கிறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒருத்தன் பெட்டி ஃபேக்டரி போட்டிருக்கானே, அவன்தான். ஏற்றுமதின்னு போட்டிருக்கில்ல? பாரு, எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான். 'ஆட்களை அரவணைத்து நடத்தத் தெரிந்தவர்'னு கேக்கறான். எங்க சின்ன முதலாளிக்கு இப்படி ஒரு வரி வருமா? அவனுக்கு அரவணைப்புன்னா என்னன்னே தெரியாது."

அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அந்தப் பையன் இவரை மதிக்கறதே இல்லடி. இவர் இல்லாமலே மீட்டிங் போடறானாம். இருபது வருஷத்துக்கு மேல உழைச்ச மனுஷன். நீதான் பாத்து ஏதாவது பண்ணணும்."

"காத்துல ஏதோ ஒரு வாடை வருது வாண்டு" என்றார் அத்தான், குரலை இறக்கி. "என்னன்னு தெரியல. அவங்களா கழட்டி விடறதுக்கு முன்னாடி நானா கிளம்பிடணும். என் பேரை இதுக்குக் கொடு. மெரிட்ல வந்தா வரட்டும், சிபாரிசு வேணாம்."

தன் நாற்காலிக்குத் தானே மனுப்போட்டுவிட்டு அவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவள் சரி அத்தான் என்றாள். வேறென்ன சொல்வது?

அவருடைய ரெஸ்யூமே மறுநாள் வந்துசேர்ந்தது. அதை அனுப்பினால், ஆள் ஏற்கெனவே ஒரு காலை வெளியே வைத்துவிட்டான் என்று சின்ன முதலாளிக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அனுப்பவில்லை. "அனுப்பிட்டேன் அத்தான், பாத்துட்டு இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு பொய்யை நிறுத்திவைக்க வாராவாரம் இன்னொன்று தேவைப்பட்டது. பெரிய கம்பெனி, மெதுவாகத்தான் நகரும் என்றாள். மேலிடத்தில் ஒருவர் வெளிநாடு போயிருக்கிறார் என்றாள். அவர் எல்லாவற்றையும் நம்பினார். இன்டர்வியூவுக்கென்று ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக அக்கா போனில் சொன்னபோது அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

இழுத்தடிக்கலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. டைரக்டர் தினமும் கேட்டார். கடைசியில் வெளியூரிலிருந்து ஓர் ஆள் அமைந்தார். சாதுவானவர், வேலை தெரிந்தவர். கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவர் கேட்டதும் அதே கேள்விதான். முதலாளி தரப்பில் சம்மதம் வந்த பிறகே அவள் பெயரைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"அங்க ஏற்கெனவே ஒரு மேனேஜர் இருப்பாரே மேடம்? அவருக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்றாள் அவள். அந்தப் பதிலையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை சொல்லிவிட்டு மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

அந்த வாரமே அத்தான் அவளைத் தேடி வீட்டுக்கு வந்தார். வழக்கமாக முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருவார். அன்றைக்குத் திடீரென்று வந்து நின்றார். முகத்தில் ஒரு பரபரப்பு.

"பழைய சிநேகிதன் ஒருத்தன் அச்சகம் வச்சிருக்கான், தெரியுமில்ல? பக்கத்துலயே சின்னதா அட்டைப்பெட்டி யூனிட் போடறான். வந்து பொறுப்பை ஏத்துக்கோன்னு கூப்பிடறான். சின்ன இடம்தான். ஆனா மரியாதை இருக்கும். இந்த வாரக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும், இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவான்." டீயை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். "நீ சொல்லு. உன் பெரிய கம்பெனிக்குக் காத்திருக்கட்டுமா, இல்ல இவன்கிட்டப் போகட்டுமா?"

போங்க அத்தான், இன்றைக்கே போங்க என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. ஆனால் இன்னொன்றும் கூடவே முணுமுணுத்தது: இவர் இப்போது ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால், புது ஆள் வந்து சேருவதற்குள் ஃபேக்டரி நட்டாற்றில் நிற்கும். விஷயம் எப்படிக் கசிந்தது என்று சின்ன முதலாளி கேட்பார். டைரக்டர் விசாரிப்பார். இவர் யார், அவள் யார் என்பது வெளியே வரும். தெரிந்தவர் இல்லை என்று அவள் சொன்ன பொய்யும் வெளியே வரும்.

"அது உங்க இஷ்டம் அத்தான்" என்றாள். "நான் எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு, அதன் கூர்மையைக் குறைப்பதற்காக லேசாகச் சிரித்தும் வைத்தாள்.

அவர் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்திலும் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "புரிஞ்சிடுச்சு. நீ வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆனா அங்க நல்ல சேதி இருக்கு, அதானே? இல்லேன்னா 'போங்க'ன்னுதானே சொல்லியிருப்பே? எனக்குத் தெரியாதா உன்னை?"

"அத்தான், நான் அப்படிச் சொல்லல..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. உன் வேலைக்குக் கெட்ட பேர் வரக்கூடாது." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த பரபரப்பெல்லாம் இறங்கி லேசாகி, படியிறங்கிப் போனார். அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தெருமுனை திரும்பும் வரை கூப்பிட நேரம் இருந்தது. அன்று சாயங்காலமும் இருந்தது, மறுநாளும் இருந்தது. வாரக் கடைசியில் அக்கா போன் பண்ணி, "அச்சகக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டாருடி. நீ இருக்கிற தைரியம்தான்" என்றபோதுகூட இருந்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அத்தானை வேலையை விட்டு அனுப்பிய விதம் அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. சின்ன முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே, புது மேனேஜர் நாளைக்கு வருகிறார், அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு மாதக் கடைசியோடு நின்றுகொள்ளுங்கள் என்றாராம். வேறொருவராக இருந்தால் அன்றைக்கே சாவிக்கொத்தை வீசிவிட்டு வந்திருப்பார். அத்தான் மறுநாளும் வேலைக்குப் போனார். புது ஆளைக் கூட்டிக்கொண்டு மெஷின் மெஷினாக நடந்தார். எந்த மெஷின் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எந்த ஆப்பரேட்டருக்குக் காது மந்தம், எந்தக் காகித வியாபாரி ஈரச் சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பான் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தார். அந்த வெளியூர்க்காரர் நன்றியில் உருகிப்போனார். ஒருநாள் கேன்டீனில் பேச்சுவாக்கில், தான் இங்கே வந்த கதையை அவரிடம் சொன்னார்.

"கன்சல்டன்சியில ஒரு மேடம் சார். ரொம்ப நேர்மை. முதலாளி சரின்னு சொல்ற வரைக்கும் கம்பெனி பேரைச் சொல்லவே இல்லையே! அந்தப் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல இருக்காங்களே, அவங்கதான்."

மறுநாள் முற்பகல், ரிசப்ஷனில் ஒருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். வேலை தேடி வந்த இளவட்டங்களுக்கு நடுவில், வரிசை நாற்காலி ஒன்றில், அத்தான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைத்து வாங்கிய புதுச் சட்டை.

கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனாள். அவள் வழக்கமாக உட்காரும் பக்கம் அவள், வந்தவர்கள் உட்காரும் பக்கம் அவர். வேறு மாதிரி உட்கார அந்த அறையில் இடமில்லை. கீழேயிருந்து துளைக்கும் சத்தம் வந்தது.

"சத்தம் போட வரல" என்றார். "ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"அத்தான், நான்..."

"இரு. பேரைச் சொல்லாததுக்கு எனக்குக் கோவம் இல்ல. நானும் அதே பொழைப்புதான் பொழைச்சேன். ஒரு புதுச் சோப்பு கடைக்கு வர்றதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடி அதோட பெட்டி எங்க ஃபேக்டரியில அச்சடிச்சு அடுக்கியிருப்போம். என்ன பேரு, என்ன கலரு, எல்லாம் எனக்குத் தெரியும். உங்க அக்காகிட்டக் கூட மூச்சு விட்டதில்ல. நம்பி ஒருத்தன் சொன்னதை வெளிய விடக்கூடாது. அது எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்ல."

அவள் தலை நிமிரவில்லை.

"ஆனா அன்னைக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, அப்ப நான் பேரைக் கேக்கலயே. அச்சகக்காரன்கிட்டப் போகட்டுமான்னு கேட்டேன். 'போங்க'ன்னு ஒரு வார்த்தை. அதுல எந்தக் கம்பெனி பேரு இருக்கு? எந்த ரகசியம் உடைஞ்சிருக்கும்?"

இத்தனை நாளும் தொழில் தர்மம், தொழில் தர்மம் என்று அவள் போர்த்திக்கொண்டிருந்த போர்வையை அவர் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். உள்ளே இருந்தது அவளுடைய புதுக் கிளையும் அவளுடைய பயமும்தான். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை.

"எனக்கு வேற இடம் பாத்துக் கொடுக்கறேன்னு மட்டும் கிளம்பிடாதே" என்றார் எழுந்துகொண்டே. "உன் ஆபீஸ் வழியா வேணாம்." கதவைத் திறந்தவர், ரிசப்ஷனில் காத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "உள்ள போம்மா, உன் முறைதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றைக்கே அவள் டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும், வேலை போனாலும் போகும் என்று துணிந்துதான் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற மேஜைக்குக் கொடுத்திருப்பேனே. இப்படி ஆறது சகஜம்தானே? போன வருஷம் என் சம்பந்தி கம்பெனி விஷயம் வந்தப்ப நானே ஒதுங்கிட்டேன். கிளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார், உண்மையிலேயே புரியாமல்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. இல்லாத ஒரு பூச்சாண்டிக்குப் பயந்து அத்தானைப் பலி கொடுத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். போனாள். அத்தான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வா என்றார், சாதாரணமாக. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது.

"அந்தச் சின்னப் பயலைக்கூட விட்டுடலாம்டி. இவரு உக்காந்திருக்கும்போதே இவரு இடத்துக்கு ஒருத்தனைத் தேடிக் கொண்டுவந்து விட்டாங்களே, அவங்க நல்லா இருப்பாங்களா? எந்த ஆபீஸ்னு உனக்கு ஏதாவது தெரியுமா? உங்க ஆளுங்கதானே, விசாரிச்சா தெரியாதா?" பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்காவது தெரியுமா? அந்தப் புது ஆள் சொல்லலியா?"

அவளும் அத்தானைப் பார்த்தாள்.

அத்தான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரோ. அவங்க பேரெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க" என்றார்.

அந்த வீட்டில் அவள் பெயரை அவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா மேலும் மேலும் பரிமாறினாள். "நீ கவலைப்படாதே, உன்னால ஆனதை நீ பண்ணினே" என்று சமாதானம் வேறு சொன்னாள்.

இரண்டு வாரம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அத்தான் வெளியே போயிருந்த ஒரு பகலில் போனாள். அக்கா மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கூடச் சேர்ந்து எடுத்தாள். எடுத்துக்கொண்டே, முதலிலிருந்து கடைசி வரை, டைரக்டரிடம் சொன்ன பொய்யையும் விடாமல் சொன்னாள்.

அக்கா கையிலிருந்த துணியை மடிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவருக்குத் தெரியும், அப்படித்தானே?"

"தெரியும்கா. ஆபீசுக்கே வந்தாரு."

"தெரிஞ்சும் என்கிட்டச் சொல்லல." அக்கா துணியை உதறினாள். "ஏன் சொல்லலேன்னு யோசிச்சியா? எனக்கு ஒரே தங்கச்சி. அது எனக்கு இல்லாம போயிடக்கூடாதுன்னு அந்த மனுஷன் உள்ளயே வச்சுப் புழுங்கியிருக்காரு. நீ எதுக்குடி இப்ப வந்து சொல்றே? உன் நெஞ்சு பாரம் இறங்கணும்னா?"

"மறைக்க முடியலக்கா."

"மறைக்க வேண்டியப்ப மறைக்க முடிஞ்சுதே. சொல்ல வேண்டியப்ப வாய் வரலியே." துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "போ. கொஞ்ச நாளைக்கு வராதே. நானா கூப்பிடறேன்."

சொன்னபடியே அக்கா கூப்பிடவில்லை. வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. புதுக் கிளை திறந்தது. தலைமைப் பொறுப்பு அவளுக்கே வந்தது. யார் வாழ்த்துச் சொன்னாலும் கையைச் சுட்டதுபோல் இருந்தது. அத்தானைப் பற்றிய சேதிகள் மூன்றாம் மனிதர்கள் வழியாகத்தான் வந்தன. அச்சகக்காரரிடம் கடைசியில் போய் நின்றிருக்கிறார். பொறுப்பான இடத்துக்கு அதற்குள் ஆள் வந்துவிட்டிருந்தது. அந்த ஆளுக்குக் கீழே ஒரு ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் மிச்சம். தன்னைவிட வயதில் மிகவும் சின்னவனுக்குக் கீழே அத்தான் அதை ஏற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டாள். அந்த மேனேஜர் மெஷின் பழுதானால் இவரைத்தான் தேடுகிறான் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை.

கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த இடத்துக்கு ஆள் தேடச் சொன்னாலும், அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள் என்று இப்போது ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். ஏன் என்று ஒருவன் கேட்டான். "சொல்லு, அவ்வளவுதான்" என்றாள், தேவைக்கு மேல் சுருக்கென்று. ஆள் கேட்ட கம்பெனியின் பெயரை அவள் இன்னும் மூடித்தான் வைத்தாள். அதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைத்தாள். ஆனால் கையில் இருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டுக் காத்திருக்கட்டுமா என்று யாராவது கேட்டால், "காத்திருக்காதீங்க, கிடைச்சதைப் பிடிச்சுக்கோங்க" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். சொல்லும்போதெல்லாம், இதைச் சொல்லியிருக்க வேண்டிய ஆளிடம் சொல்லவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

மழை விட்ட ஒரு காலையில் அக்கா போன் பண்ணினாள். "அவருக்கு இன்னைக்கு லீவு. வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அத்தான் ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கருப்பு எண்ணெய். அவளைப் பார்த்தார். "வந்தியா? இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடி, ஆடுது" என்றார்.

பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் மேலேயிருந்து ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். கடையில் கொடுத்தால் புதுசு வாங்கச் சொல்கிறான், உள்ளே ஒரு பேரிங்தான் போயிருக்கிறது என்றார். அவள் ஆமாம் என்றாள். உன் வீட்டில் மழை ஒழுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அக்காவின் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் டம்ளர் மூன்று இருந்தது.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். அவளுடைய வேலையைப் பற்றி மட்டும் அத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. அதை மட்டும் அவர் கேட்கவே இல்லை. அவளாகச் சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.